சீமைத் தக்காளியும் நாட்டுத் தக்காளியும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவன யாவை? முடியரசர்கள், போர்க்களங்கள், கோட்டைகள், கல்வெட்டுகள் ஆகியவையே. நாமக்கல்லின் வரலாற்றை எழுதச் சொன்னால், மலைமேல் நிற்கும் கோட்டையையும், அம்மலையைக் குடைந்து எடுத்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்களையும் நீங்கள் தவறாமல் எழுதுவீர்கள். அவை எழுதத்தக்கனவே. ஆனால் கோட்டைக்கு ஒரு வரலாறு இருப்பதுபோல, கோட்டை அடிவாரத்தில் ஒரு வீட்டின் புறக்கடையில் காய்த்துத் தொங்கும் காய்க்கும் ஒரு வரலாறு உண்டு. அது கல்லில் எழுதப்படவில்லை, விதையில் எழுதப்பட்டிருக்கிறது. தக்காளியின் அந்த வரலாற்றையே இன்று நாம் சிறிது படித்துப் பார்ப்போம்.

முதலில் நம் வட்டாரத்து நிலங்களை ஒரு முறை சுற்றி வருவோம். கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து காவிரிக் கரை வரையில் எங்கெங்கும் மரவள்ளி பயிராகிறது. அதிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் 1943-ஆம் ஆண்டளவில் சேலத்தில் தொடங்கி இன்று இவ்வட்டாரத்தின் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. மேட்டுக்காடுகளில் நிலக்கடலை விளைகிறது. கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாக மக்காச்சோளம் வேண்டியிருக்கிறது. குழம்புக்கு மிளகாய் இன்றியமையாதது. மரவள்ளி, நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகிய இந்நான்கும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கொலம்பஸ் 1492-இல் அட்லாண்டிக் கடலைக் கடப்பதற்கு முன்னர், நம் முன்னோருள் எவரும் இவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. அந்தக் கூட்டத்தில் ஐந்தாவதாக வந்து, நம் அடுப்பங்கரையிலேயே குடியேறிவிட்டது தக்காளி.

தக்காளியின் காட்டு மூதாதை தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய பெரு, ஈக்வடார் நாடுகளில் பட்டாணி அளவுப் பழங்களோடு இன்றும் முளைக்கிறது. அதைப் பெரிய பழமாக வளர்த்தெடுத்த பெருமை மெக்சிகோவின் பழங்குடி உழவர்களுடையது. அவர்களுடைய நாகுவாட்டில் மொழியில் ‘தோமாத்ல்’ என்று வழங்கிய சொல்லே ஸ்பானியர் வாய்ப்பட்டு ‘தோமாத்தே’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டொமேட்டோ’ ஆயிற்று. ஸ்பானியர் 1521-இல் அஸ்டெக் மக்களின் தலைநகரைக் கைப்பற்றினர். அதன்பின் அங்கே வாழ்ந்த பெர்னார்தினோ தெ சாகாகுன் என்னும் துறவி, அம்மக்களின் சந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். பெரியவை, சிறியவை, பல வடிவின, பல நிறத்தின என்று தக்காளியில் எத்தனையோ வகைகளை ஒரே வியாபாரி விற்றதை அவர் பதிவு செய்துள்ளார். ஆகவே ஐரோப்பியர் காணும் முன்னரே தக்காளி ஒரு வகையாக அன்றிப் பல வகையாக இருந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஐரோப்பா தக்காளியை எளிதில் ஏற்கவில்லை. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544-இல் அதை முதன்முதலாக நூலில் குறிப்பிட்டார். பத்து ஆண்டு கழித்து ‘பொற்கனி’ என்னும் பொருள்படும் பெயரையும் எழுதினார். பெயர் அழகாயிருந்தும் மக்கள் உண்ண அஞ்சினர். தக்காளிச் செடி நச்சுச் செடிகள் சிலவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் அந்த அச்சம் எழுந்தது. 1597-இல் ஆங்கில மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்டு என்பார் தக்காளியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவில்லை. நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லாத்தீனி என்பவர் 1690-களில் வெளியிட்ட சமையல் நூலில்தான் தக்காளிச் சாறு செய்யும் முறை முதன்முதலாக அச்சேறியது. ஒரு காய் கண்ணுக்குப் பழகிய பின் நாவுக்குப் பழக நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

இந்தியாவுக்குத் தக்காளியைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர் என்பது அறிஞர் பலரின் கருத்து. எனினும் அது பரவியது ஆங்கிலேயர் காலத்தில்தான். 1820-இல் கல்கத்தாவிலும் 1835-இல் சென்னையிலும் வேளாண் தோட்டக்கலைச் சங்கங்கள் தோன்றின. வெளிநாட்டு விதைகளை வரவழைத்துப் பயிரிட்டுப் பார்ப்பதும் பகிர்ந்து கொடுப்பதும் அவற்றின் பணிகளுள் அடங்கும். அதே 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காப்பியையும் மேல்நாட்டுப் பழமரங்களையும் நட்டு வளர்த்தார். சீமைச் செடிகளின் மீது அக்காலத்து அதிகாரிகளுக்கு இருந்த ஆர்வத்திற்கு இது ஒரு சான்று. ஜார்ஜ் வாட் என்னும் அறிஞர் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்தியப் பொருளாதார விளைபொருள்களின் பேரகராதியில் தக்காளியும் இடம்பெறுகிறது. அது பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிராகிறது என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிக்குழம்பில் சேர்க்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். அதாவது, ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்புகூடத் தக்காளி இந்நாட்டில் ஒரு விருந்தாளியாகவே இருந்தது.

இனி நம் மொழி கூறும் சான்றைப் பார்ப்போம். ‘தக்காளி’ என்பது தமிழில் முன்னமே இருந்த பெயர். வேலியோரத்தில் முளைத்து, உறை போர்த்த சிறு பழம் தரும் செடியைத் தக்காளி என்றனர். வாய்ப்புண்ணுக்கு மருந்தாகும் கீரையை மணத்தக்காளி என்றனர். புதிதாக வந்த சிவந்த பழம் அவற்றைப் போன்று சாறும் விதையும் நிறைந்திருக்கக் கண்ட நம் மக்கள், அதற்குச் ‘சீமைத் தக்காளி’ என்று பெயரிட்டனர். கடல் கடந்து வந்ததற்கெல்லாம் சீமை என்னும் அடைமொழி சேர்ப்பது நம் வழக்கம். சீமைக் கத்தரி, சீமை எண்ணெய், சீமைக் கருவேலம் ஆகியவற்றைக் காண்க. காலப்போக்கில் சீமை என்ற சொல் உதிர்ந்து, தக்காளி என்றாலே இப்பழம்தான் என்றாயிற்று. பழைய உரிமையாளராகிய செடிக்கோ ‘சிறுதக்காளி’ என்று அடைமொழி போட வேண்டி வந்தது!

மொழி மறந்ததைச் சடங்கு மறக்கவில்லை. நம் ஊர்களில் முன்னோருக்குத் திதி கொடுக்கும் வீடுகள் பலவற்றில் அன்றைய சமையலில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. காரத்துக்கு மிளகே சேரும். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயில் பிரசாதத்திலும் தக்காளிக்கு இடமில்லை. முன்னோர் உண்டதையே முன்னோருக்குப் படைப்பது என்னும் நெறியில், ஒரு வரலாற்று உண்மை அடுக்களையில் பத்திரமாக இருக்கிறது. நூலில் மட்டும் அன்று, இலையிலும் சான்று தேடவேண்டும் என்பதை இளம் ஆய்வாளராகிய நீங்கள் கற்றுக்கொள்ளலாம்.

அப்படியானால் சீமைத் தக்காளி எவ்வாறு ‘நாட்டுத் தக்காளி’ ஆயிற்று? இதுவே இன்றைய பேச்சின் நடுநாயகமான கேள்வி. எந்த அரசாணையும் அதைச் செய்யவில்லை. நம் பாட்டிமார் செய்தார்கள். பாத்திரம் துலக்கும் நீர் பாயும் இடத்திலும், கட்டுத்தரையை ஒட்டிய குப்பைமேட்டிலும் அவர்கள் தக்காளியை வளர விட்டனர். நன்றாகக் காய்த்த செடியின் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் பிசறி உலர்த்தி, துணியில் முடிந்து அடுக்குப்பானையில் வைத்தனர். மறு பருவத்தில் தாமும் விதைத்து, அண்டை வீட்டாருக்கும், மணமாகிப் போன மகளுக்கும் ஒரு முடிப்புக் கொடுத்தனர்.

இச்சிறு செயலின் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்றாலும் நூறு ஆண்டுகளில் தக்காளி நூறு தலைமுறைகளைக் கடந்துவிடுகிறது. பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினாலும் இரவு புழுக்கமாக இருந்தாலும் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிர்வது இயல்பு. சித்திரை, வைகாசி வெயிலிலும் சில பூக்களையேனும் பிஞ்சாக்கிய செடி எதுவோ, அதன் விதைதான் பானைக்குப் போயிற்று. கிணற்றில் நீர் குறைந்தபோது வாடி மடிந்தவை விலகின, தாங்கியவை நிலைத்தன. இவ்வாறு நிலமும் வெயிலும் ஒரு பக்கம் தேர்ந்தெடுக்க, வீட்டாரின் நாக்கு மற்றொரு பக்கம் தேர்ந்தெடுக்க, மெல்லிய தோலும், தட்டையான வடிவும், விலாவில் மடிப்புகளும், காம்படியில் பச்சை நிறமும், நாவில் இறங்கும் புளிப்பும் கொண்ட நாட்டுத் தக்காளிகள் ஊருக்கு ஊர் உருவாயின. பிறந்த இடத்தால் மட்டும் ஒன்று நாட்டுப் பொருள் ஆவதில்லை. வழிவழியாகப் பேணியவர்களின் உழைப்பால் அது நாட்டுப் பொருள் ஆகிறது. மேல்நாட்டார் குடும்ப நகைபோல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் விதை என்று போற்றுவதும் இதைத்தான்.

விஞ்ஞானிகளும் இதன் மதிப்பை உணர்ந்தே இருந்தனர். சைதாப்பேட்டையில் தொடங்கி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறிய வேளாண் கல்லூரி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் பெரியகுளம் நிலையத்தார் உருவாக்கிய பி.கே.எம். 1 என்னும் புகழ்பெற்ற தக்காளி, ‘அன்னஞ்சி’ என்னும் உள்ளூர் வகையில் மரபு மாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா ரூபி என்னும் வகையின் பெற்றோருள் ஒன்று, மீரட்டு வட்டாரத்துத் தக்காளியைச் சீர்திருத்திய வகையாகும். ஆய்வுக்கூடத்தின் புதுமைக்கும் அடித்தளமாக நின்றது யாரோ ஒரு குடியானவர் காத்த விதையே.

பின்னர் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு விதை நிறுவனம் 1973-இல் ‘கர்நாடகா’ என்னும் வீரிய ஒட்டுத் தக்காளியை வெளியிட்டது. 1988-இல் வந்த புதிய விதைக் கொள்கை இத்துறையில் தனியார் நிறுவனங்கள் பெருக வழி செய்தது. இரு வேறு பெற்றோரைக் கலந்து பெறும் முதல் தலைமுறை, பெற்றோரினும் வீரியமாக விளைவதுண்டு. ஆனால் அதன் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் செடிகள் ஒரே சீராக வாரா. ஒன்று நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும், பழங்கள் பலவிதமாகவும் பிரியும். மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு வெளியிட்ட விதியே இங்கும் வேலை செய்கிறது. ஆகவே ஒட்டு விதையை நடும் உழவர் ஒவ்வொரு பருவத்திலும் கடைக்குச் சென்றாக வேண்டும்.

ஒட்டு வகைகளைப் பழிப்பது என் நோக்கம் அன்று. நோய் தாங்கும் ஆற்றலும், மிகுந்த விளைச்சலும், லாரியில் நெடுந்தூரம் போனாலும் நசுங்காத தடித்த தோலும் அவற்றுக்கு உண்டு. இராயக்கோட்டைச் சந்தையிலிருந்தும் தலைவாசல் சந்தையிலிருந்தும் தொலைதூர நகரங்களுக்குத் தக்காளி போவது அதனால் எளிதாகிறது. உலகில் தக்காளி விளைவிப்பதில் சீனாவுக்கு அடுத்த இடத்தை இந்தியா பெற்றிருப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் ஒரு பொருள் எல்லா இடங்களையும் பிடித்துக்கொள்ளும்போது மற்றொன்று ஓசையின்றி மறைகிறது. சந்தையில் ‘நாட்டுத் தக்காளி’, ‘பெங்களூர்த் தக்காளி’ என்று இரு குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். நாட்டுத் தக்காளி என்ற குவியலில் இருப்பவற்றுள்ளும் பல, கடையில் வாங்கிய விதையின் விளைவே. பாட்டியின் முடிப்பில் இருந்த விதை எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கிறது?

இதனால் இழப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். முதலாவது, சுவை. நாட்டுத் தக்காளியின் காம்படிப் பச்சையைக் குறையாகக் கருதிய மேல்நாட்டு வளர்ப்பாளர்கள், ஏறத்தாழ 70 ஆண்டுகளாக ஒரே சீராகச் சிவக்கும் வகைகளையே தேர்ந்தெடுத்தனர். 2012-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு செய்தியைக் கண்டறிந்து வெளியிட்டனர். பழத்தில் பசுங்கணிகங்களைப் பெருக்கி இனிப்புச் சேர்க்க உதவும் ஒரு மரபணு, அந்தச் சீரான வகைகளில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதே அது. பச்சைத் தோளைத் துடைத்தவர்கள் இனிமையின் ஒரு பகுதியையும் அறியாமல் துடைத்துவிட்டனர்! 2017-இல் ஏறத்தாழ 400 வகைகளை ஆராய்ந்த மற்றொரு குழுவும், சுவையும் மணமும் தரும் பொருள்கள் பல இக்கால வணிக வகைகளில் குன்றியிருப்பதைக் காட்டியது. அழகுக்கும் பயணத்துக்கும் தேர்ந்தெடுத்தபோது நாக்கை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது இழப்பு இன்னும் பெரிது. நாளை ஒரு புதிய நோயோ கடும் வறட்சியோ வந்தால், அதைத் தாங்கும் பண்பு எந்த வகையில் ஒளிந்திருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல இயலாது. வகைகள் மறைந்தால் தேடுவதற்கும் இடமிராது. இதை உயிரைக் கொடுத்து உணர்த்தியவர்கள் ருஷ்ய விஞ்ஞானிகள். வாவிலோவ் என்னும் மேதை உலகெங்கும் சுற்றிப் பயிர் விதைகளைத் திரட்டி லெனின்கிராடில் ஒரு களஞ்சியம் அமைத்தார். 1941 முதல் 1944 வரை ஜெர்மானியப் படை அந்நகரை முற்றுகையிட்டது. மக்கள் பசியால் மடிந்தனர். களஞ்சியத்தைக் காத்தவர்களும் பட்டினி கிடந்தனர். ஆனால் விதைகளை உண்ணவில்லை. நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த இவனோவும், நிலக்கடலை விதைகளுக்குப் பொறுப்பாயிருந்த ஷ்சூகினும் தாங்கள் காத்த தானியங்களின் நடுவிலேயே உயிர் நீத்தனர். நம் மேட்டுக்காட்டில் நிலக்கடலையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெருமகனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு பெரிய தியாகம் நம்மிடம் கேட்கப்படவில்லை. அமெரிக்காவில் 1975-இல் ஓர் இளம் தம்பதியர், பாட்டனார் கொடுத்த ஒரு தக்காளி விதையையும் ஒரு பூச்செடி விதையையும் முதலாகக் கொண்டு விதை காப்போர் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். தமிழ்நாட்டில் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து நாட்டு விதையின் பெருமையைப் பேசினார். காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூர் மாவட்டத்துக் கடவூரில் ‘வானகம்’ அமைத்தார். நெல் ஜெயராமன் மறைந்துபோன நெல் வகைகளைத் தேடித் தேடி மீட்டார். சட்டமும் துணை நிற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், தன் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட விதையாக விற்றல் மட்டும் கூடாது.

இனி, நீங்கள் செய்யக்கூடியது யாது? தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆதலின் பூசணியைப்போல் எளிதில் கலப்பதில்லை. வகைக்கு வகை சில அடிகள் இடைவெளி விட்டு நட்டால், வீட்டுத் தோட்டத்திற்கு அது பெரும்பாலும் போதும். ஆடிப்பட்டத்திலோ கார்த்திகையிலோ நாற்று விட்டு, ஏறத்தாழ 25 நாள் ஆனபின் ஐந்தாறு செடிகளைப் பிடுங்கி நடுங்கள். ஒரே செடியை நம்பியிருத்தல் ஆகாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை நோய் கண்ட செடியை உடனே அகற்றுங்கள். அதிலிருந்து விதை எடுக்காதீர்கள். செடிக்கு ஊன்றுகோல் கொடுங்கள். நோயின்றித் திடமாகக் காய்க்கும் செடியில் நல்ல பழம் இரண்டு மூன்றைக் கொடியிலேயே நன்கு பழுக்க விடுங்கள். பின் பிசைந்து, ஒரு குவளையில் ஓரிரு நாள் புளிக்க வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுப்பது. புளிப்பதால் அது கரைந்து நீங்கும். நன்றாகக் கழுவி, அடியில் தங்கும் கனத்த விதைகளை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். ஈரமின்றி மூடி வைத்தால் நான்காண்டுகள் வரை முளைக்கும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. வேறு பருவங்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் உழவர்கள் சாலையோரத்தில் கொட்டிச் செல்வதையும் நாம் காண்கிறோம். புறக்கடையில் நிற்கும் ஐந்து செடிகள் சந்தையின் இந்த ஏற்ற இறக்கத்தை நிறுத்திவிடா. ஆனால் ஒரு குடும்பத்தின் ரசத்துக்கு அவை உறுதி. ஒரு வகையின் ஆயுளுக்கும் அவை உறுதி.

இறுதியாக, வரலாற்று மாணவர்களுக்கென ஒரு பணி சொல்லி முடிக்கிறேன். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடமோ, ஊரின் முதிய உழவரிடமோ சென்று, அவர்கள் இளமையில் உண்ட தக்காளி எப்படி இருந்தது, அதற்கு என்ன பெயர், விதை யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள். விதை கிடைத்தால் பெற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிடினும் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். விதைப் பொட்டலத்தின் மீது வகையின் பெயர், ஊர், கொடுத்தவர், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதுங்கள். அரசர்கள் கல்லில் எழுதியதை அறிஞர் பலர் படித்துச் சொல்லிவிட்டனர். நம் பாட்டிமார் விதையில் எழுதியதைப் படிக்க உங்களை விட்டால் வேறு ஆளில்லை; அவ்விதை முளைக்கும் காலமோ மிகக் குறுகியது.